ஷார்ட்கட் விசை எப்போது நேரத்தை மிச்சம் பிடிக்கும், எப்போது கார்டில் ஈ மொய்க்கும்?

ஆவணி பிறந்தால், மலையாளக் கணக்கில் சிங்கம் மாதம் பிறந்தால், களியக்காவிளை முதல் மார்த்தாண்டம் வரை கணினியில் பக்கம் அமைத்துத் தரும் டிடிபி கடைகளில் கல்யாணக் கார்டு வேலை குவியும். மாப்பிள்ளை வீடு குழித்துறைப் பக்கம், பெண் வீடு பாறசாலைப் பக்கம் என்றால் கார்டின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். 1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு விழுந்ததே தவிர, கொடுக்கல் வாங்கலும் சம்பந்தமும் நிற்கவில்லை. ஆகவே இங்கே பக்கம் அமைக்கும் ஆளுக்கு ஒரே விசைப்பலகையில் மூன்று எழுத்து ஓடுகிறது: தமிழ், மலையாளம், ஆங்கிலம்.

'ஷார்ட்கட் படி, வேகம் வரும்' என்ற பொது அறிவுரை இந்த மேசைக்கு வந்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் மூன்று:

1. பழைய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் பழகிய விசையை, அதற்குப் பின் வந்த இன்டிசைனில் அழுத்தினால் வேறு எதுவோ திறக்கிறதே, ஏன்?
2. ஆங்கிலத்தில் வேலை செய்யும் ஷார்ட்கட் தமிழ் விசைப்பலகையில் ஏன் சில நேரம் செத்துக் கிடக்கிறது?
3. இவ்வளவும் மனப்பாடம் செய்தால் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சம்?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் போய்ச் சேரும். அதற்கு முதலில் விசைகளை இனம் பிரிக்க வேண்டும். இங்கே சொல்லும் விசைகள் விண்டோஸ் கணினிக்கு உரியவை. மேக் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலுக்குக் கமாண்ட், ஆல்ட்டுக்கு ஆப்ஷன் என்று வாசித்துக்கொள்ளலாம். தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் 'டி' ஆகிவிடுவதால், குழப்பம் வரக்கூடிய இடத்தில் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் அந்த விசையில் விழும் எழுத்தை அடைப்புக்குறிக்குள் தருகிறேன். 'டி (உ)' என்றால் டெல்லியின் டி, 'டி (ஏ)' என்றால் டைப்பின் டி.

மூன்று இன விசைகள்

முதல் இனம், ஒற்றை எழுத்து விசை. இன்டிசைனில் கருவியை மாற்றுவது இதுதான். வி அழுத்தினால் தேர்வுக் கருவி, டி (ஏ) அழுத்தினால் எழுத்துக் கருவி, டபிள்யூ அழுத்தினால் வழிகாட்டிக் கோடுகளும், எழுத்தையும் படத்தையும் தாங்கும் சட்டங்களும் மறைந்து அச்சில் வரப்போகும் தோற்றம்.

இரண்டாவது, கூட்டு விசை. கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தை அழுத்துவது. படம், மேட்டர் (அச்சில் வரவேண்டிய எழுத்து) கொண்டுவரக் கன்ட்ரோல்+டி (உ). பிடிஎஃப் எடுக்கக் கன்ட்ரோல்+இ.

மூன்றாவதை யாரும் தனியாக எண்ணுவதில்லை. இரு மொழி வேலையில் அதுதான் சோறு போடுகிறது. எழுத்தே இல்லாத விசைகள்: மேல்வரிசையில் உள்ள எஃப் விசைகள், வலக்கோடியில் உள்ள எண் பலகை, அம்புக்குறிகள், எஸ்கேப், என்டர். எந்த மொழி ஓடினாலும் இவை மாறுவதில்லை.

ஈ வந்த கதை

ஓர் அச்சகத்துக் கணினித் திரையை அருகில் போய்ப் பார்ப்போம். கார்டின் தமிழ்ப் பக்கம் முடிந்துவிட்டது. கடைசியாக மணமகள் பெயருக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி சேர்க்கிறார் அமைப்பாளர். கர்சர் பெயருக்குப் பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருக்கிறது. பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க டபிள்யூ-வைத் தட்டுகிறார். தோற்றம் மாறவில்லை. இன்னொரு முறை தட்டுகிறார். அப்போதும் மாறவில்லை. சலித்துப்போய் மெனுவில் போய் மாற்றி, பிடிஎஃப் எடுத்து, அச்சுத் தகடான பிளேட்டுக்கு அனுப்பிவிடுகிறார். தமிழ்99 முறையில் டபிள்யூ விசையில் இருப்பது ஈ. மணமகள் பெயருக்குப் பின்னால் இரண்டு ஈ உட்கார்ந்திருக்கிறது. எழுத்தின் மெல்லிய அளவில் புரூஃப் பார்ப்பவர் கண்ணுக்கும் அது தப்பிவிடும். கார்டு ஐந்நூறும் அச்சாகி, மடித்து, கவருக்குள் போன பிறகுதான் பெண்ணின் தாய்மாமன் கண்ணில் படும்.

இதில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை. கர்சர் எழுத்துக்குள் இருக்கும்வரை ஒற்றை விசை என்பது எழுத்துதான், கட்டளை அல்ல. அதே இடத்தில் வி தட்டினால் வ விழும். டைப்பின் டி தட்டினால் ஏ விழும். மலையாளப் பக்கத்தில் இன்ஸ்கிரிப்ட் என்ற தட்டச்சு முறை ஓடிக்கொண்டிருந்தால் டபிள்யூ-க்கு ஐகாரக் குறி விழும். அது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு சொல் போலவே நிற்கும் என்பதால், ஈயைவிட ஆபத்து.

இதற்கு ஒரு பழக்கம் போதும். ஒற்றை விசை தொடுமுன் எஸ்கேப். எழுத்துச் சட்டத்துக்குள் கர்சர் இருக்கும்போது எஸ்கேப் அழுத்தினால் இன்டிசைன் வெளியே வந்து அந்தச் சட்டத்தையே தேர்ந்து, தேர்வுக் கருவியைக் கையில் கொடுத்துவிடும். சட்டத்தைச் சற்று நகர்த்த மட்டும்தான் வேண்டும் என்றால் எஸ்கேப்பும் தேவையில்லை. கன்ட்ரோலைப் பிடித்திருக்கும் வரை தேர்வுக் கருவி, விட்டால் மறுபடி எழுத்துக் கருவி.

ஆனால் எஸ்கேப் அழுத்தியும் டபிள்யூ வேலை செய்யாத கணினிகள் உண்டு. பின்னணியில் ஓடும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் விசையை வழியிலேயே பிடித்து, டபிள்யூ-வை ஈயாக மாற்றித்தான் உள்ளே அனுப்புகிறது. இன்டிசைன் கண்ணுக்கு டபிள்யூ என்று எதுவும் வரவே இல்லை. இரண்டாம் கேள்விக்குப் பெரும்பாலான நேரத்தில் விடை இதுதான். தட்டச்சை ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரியாகும். மாற்றி மாற்றிக் கை ஓய்ந்தவர்களுக்கு வேறு வழி கீழே இருக்கிறது.

கூட்டு விசையிலும் மோதல்

கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி போன்றவை பெரும்பாலும் எந்த மொழியிலும் பிழைத்துக்கொள்ளும். சிக்கல் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகியவற்றில் இரண்டு சேரும் இடத்தில்.

1. விண்டோஸில் ஆல்ட்+ஷிஃப்ட் சேர்த்து அழுத்தி விட்டால் தட்டச்சு மொழி மாறும்படி வைத்திருக்கும் கணினிகள் ஏராளம். இன்டிசைனில் எழுத்தை அடிக்கோட்டிலிருந்து ஏற்றி இறக்க ஆல்ட்+ஷிஃப்ட்+மேல் அல்லது கீழ் அம்பு. இரண்டையும் பிடித்துக்கொண்டு, 'மேலேயா, கீழேயா' என்று யோசித்துக் கையை எடுத்தால் போதும், எழுத்து ஏறியிருக்காது, மலையாளம் ஏறியிருக்கும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்டையும் விசைப்பலகை மாற்ற வைத்திருந்தால் எழுத்தளவு கூட்டும்போது இதே கூத்து.

2. விண்டோஸைப் பொறுத்தவரை கன்ட்ரோல்+ஆல்ட் என்பது வலப்பக்க ஆல்ட் விசைக்குச் சமம். பல இந்திய விசைப்பலகைகளில் கூடுதல் எழுத்துகள் அந்தக் கூட்டில்தான் ஒளிந்திருக்கின்றன. இந்திய ஆங்கில விசைப்பலகையில் கன்ட்ரோல்+ஆல்ட்+4 அழுத்தினால் ரூபாய்க் குறி வருவது இதனால்தான். உங்கள் கட்டளை அப்படியொரு எழுத்தோடு மோதினால் எழுத்து வென்றுவிடலாம்.

முதல் மோதலை ஐந்து நிமிடத்தில் தீர்க்கலாம். விண்டோஸ் அமைப்பில் தட்டச்சுப் பகுதிக்குள் மேம்பட்ட விசைப்பலகை அமைப்புக்குப் போய், மொழி மாற்றும் விசைகளில் ஆல்ட்+ஷிஃப்ட், கன்ட்ரோல்+ஷிஃப்ட் இரண்டையும் நீக்கிவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ்+ஸ்பேஸ் ஒன்று போதும். கடையில் உள்ள எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். ஒன்றை விட்டால் அந்த ஒன்றில்தான் அவசர வேலை வந்து விழும்.

பேஜ்மேக்கர் கை

ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்டது பேஜ்மேக்கர். 1994-இல் அடோபி அந்த நிறுவனத்தையே வாங்கியது, 1999-இல் இன்டிசைனைக் கொண்டுவந்தது. 2001-இல் வந்த 7.0 பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றுபோனது. எல்லையோரக் கடைகளில் அது ஓடுவது மட்டும் நிற்கவில்லை. கையில் இருந்த தமிழ் எழுத்துருக்களும், மலையாளத்துக்கு ஐஎஸ்எம் மென்பொருளின் கார்த்திகா, ரேவதி எழுத்துருக்களும் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தியவை. அவை பேஜ்மேக்கரோடு ஒத்துப்போயின. பழைய கோப்பைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, புதுக் கார்டு போட்டுவிடலாம் என்ற வசதியை யார் விடுவார்?

அந்தக் கை இன்டிசைனுக்கு வரும்போது கன்ட்ரோல்+டி (உ) தப்பிக்கிறது. இரண்டிலும் மேட்டரைக் கொண்டுவருவதுதான். பேஜ்மேக்கரில் மேட்டரைத் தனியாகத் திருத்தும் ஸ்டோரி எடிட்டருக்குக் கன்ட்ரோல்+இ. இன்டிசைனில் அதே விசை ஏற்றுமதிப் பெட்டியைத் திறக்கும். ஸ்டோரி எடிட்டர் இங்கே கன்ட்ரோல்+ஒய்-க்கு நகர்ந்துவிட்டது.

இன்டிசைனின் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியைத் திறந்தால் பேஜ்மேக்கர் 7.0-க்கான விசைத் தொகுப்பு ஒன்று தயாராக இருக்கிறது. அதைத் தேர்ந்தால் பழைய கை அப்படியே ஓடும். கேட்க இனிப்பாக இருக்கும். என் கணிப்பில் அது வேண்டாம். பயிற்சிக் காணொளி, பக்கத்துக் கடைக்காரர், நாளை வேலைக்கு வரும் பையன் என எல்லாரும் பேசுவது இயல்புத் தொகுப்பின் விசைகளைத்தான். இரண்டு வாரம் பல்லைக் கடித்தால் கை மாறிவிடும்.

நேரக் கணக்கு

மூன்றாம் கேள்விக்கு உணர்ச்சியை விட்டுக் கணக்குப் போடலாம். ஸ்டுவர்ட் கார்டு, தாமஸ் மொரான், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் 1980-இல் வெளியிட்ட விசைத்தட்டுக் கணக்கு முறை இன்றும் பயன்படுகிறது. அதன்படி சராசரித் தட்டச்சாளர் ஒரு விசை தட்ட சுமார் 0.28 நொடி. மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 நொடி. கிளிக் ஒன்றுக்கு 0.2 நொடி என்று வைத்துக்கொள்வோம்.

கோயில் கொடை விழா மலர் ஒன்றில் 120 படங்கள். ஒவ்வொன்றையும் சட்டம் நிறைய, விகிதம் கெடாமல் பொருத்த வேண்டும். மெனு வழியாகப் போனால் மூன்று இடம் சுட்டி மூன்று கிளிக்: 3.9 நொடி. கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+சி என நான்கு விசை தட்டினால் 1.1 நொடி. மிச்சம் 2.8 நொடி. 120 படத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை நிமிடம்.

அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கும் நேரம். 'ஷார்ட்கட் கற்றால் பாதி நேரத்தில் வேலை முடியும்' என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள எட்டுப் படங்களையும் சேர்த்துத் தேர்ந்துகொண்டு அதே விசையை ஒருமுறை தட்டினால் எட்டும் பொருந்தும். மிச்சம் அங்கேதான் பெருகத் தொடங்குகிறது. விசையை வேகமாகத் தட்டுவதைவிட, ஒரு தட்டில் எத்தனை காரியம் ஆகிறது என்பதே கேள்வி.

மணிக்கணக்கில் மிச்சம் வரும் இடம்

ஒரு பங்குத் திருச்சபையின் குடும்பக் கையேடு என்று வைத்துக்கொள்வோம். 400 குடும்பம். ஒவ்வொன்றிலும் குடும்பத் தலைவர் பெயர், வீட்டுப் பெயர், உறுப்பினர் பட்டியல். தலைவர் பெயருக்கு எழுத்துரு, அளவு, தடிமன், வரி இடைவெளி, நிறம் என ஐந்து மாற்றம். கையால் செய்தால் 400 குடும்பத்துக்கு இரண்டாயிரம் மாற்றம். பத்தி ஸ்டைல் ஒன்றில் ஐந்தையும் கட்டிவைத்து அதற்கு ஒரு விசை கொடுத்தால் நானூறு தட்டு.

1. ஸ்டைலின் அமைப்புப் பெட்டியில் ஷார்ட்கட் கட்டத்தில் கர்சரை வைத்து, எண் பலகையின் 'நம் லாக்' விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, கன்ட்ரோலோடு எண் பலகையின் 1-ஐ அழுத்துங்கள். ஸ்டைலுக்கு எண் பலகை எண்களை மட்டுமே இன்டிசைன் ஏற்கும். மேல்வரிசை எண் செல்லாது.

2. தமிழ் ஸ்டைல்களுக்குக் கன்ட்ரோல்+1, 2, 3. அவற்றின் மலையாள இணைக்குக் கன்ட்ரோல்+ஆல்ட்+1, 2, 3. 'பெயர் என்றால் 1' என்பதை மட்டும் கை நினைவில் வைத்தால் போதும்.

3. ஸ்டைலுக்குள்ளேயே மொழியையும், ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரையும் தேர்ந்து வையுங்கள். இந்திய மொழிகளுக்கு ஆதரவு 2012-இல் சிஎஸ்6 பதிப்பில் வந்தது. ஆனாலும் கம்போசர் மாறியிருந்தால் 'கொ' எழுத்தின் கொம்பு இடம் மாறி நிற்கும், மலையாளக் கூட்டெழுத்து பிரிந்து கிடக்கும். இதை ஒவ்வொரு பத்தியாகத் தேடித் திருத்துவதுதான் இரு மொழி வேலையில் நேரத்தைத் தின்னும் பூதம்.

எண் பலகை இல்லாத மடிக்கணினியில் கன்ட்ரோல்+என்டர். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். ஸ்டைல் பெயரின் சில எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால் ஸ்டைல் ஏறிவிடும். அங்கேயும் மொழிச் சண்டை வரும்: ஸ்டைல் பெயர் தமிழில் இருந்து விசைப்பலகை ஆங்கிலத்தில் இருந்தால் எதுவும் சிக்காது. பெயருக்கு முன்னால் '11 பெயர்', '12 வீட்டுப் பெயர்' என்று எண் போட்டு வையுங்கள். எண்களுக்கு மொழி இல்லை.

இனி அடுத்த கட்டம். கையேடு முடிந்து புரூஃப் போனதும், 'பெயர் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டுமே' என்று திரும்பி வரும். வராமல் இருக்காது. ஒரே ஒரு பெயரைத் தேர்ந்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+> தட்டினால் எழுத்து 2 புள்ளி கூடும். ஆல்ட்+கீழ் அம்பு வரி இடைவெளியைக் கூட்டும். கண்ணுக்குச் சரி என்று பட்டதும், அந்தப் பெயர் தேர்வில் இருக்கும்போதே கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+ஆர். திருத்தம் ஸ்டைலுக்குள் ஏறும். 400 பெயரும் ஒரே நொடியில் மாறும். ஒரு நாள் வேலை ஒரு நிமிடத்தில் முடிவது இந்த இடத்தில் மட்டும்தான்.

அந்தக் கடைசிக் கூட்டு விசையை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் பழகியவர்களே அதிகம். அவர்களால் கோப்பு கெடுகிறது. இங்கே 2 புள்ளி, அங்கே ஓர் இழுப்பு என்று கையால் மாற்றிய ஒவ்வோர் இடத்திலும் ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி விழும். பிறகு ஸ்டைலை மாற்றும்போது அந்தப் பத்திகளில் கை வைத்த அமைப்பு அப்படியே முரண்டுபிடிக்கும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டைல் பெயரைக் கிளிக் செய்தால் கைத்திருத்தம் நீங்கும். வேகமான விசைகளில் இந்த அளவு மாற்றும் விசைகள்தான் விவகாரமானவை: தட்ட எளிது, துப்புரவு செய்யக் கடினம்.

கார்டில் ஓர் எழுத்து மட்டும் அடுத்த வரிக்கு விழுந்துவிட்டால் ஆல்ட்+இட அம்பால் இழுத்துக்கொள்ளலாம். அதன் இயல்பு அளவு எழுத்தகலத்தில் ஆயிரத்தில் 20. தமிழுக்கு அது முரட்டு அளவு. விருப்பத்தேர்வுகளில் அலகுகள் பகுதியில் 5 என்று குறைத்துவிட்டால் இழுத்தது வெளியே தெரியாது.

கடைக்கு ஒரு விசைக் கோப்பு

தட்டச்சை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்தவர்களுக்கு மேலே சொல்லாமல் விட்ட வழி இதுதான். கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியில் புதுத் தொகுப்பு ஒன்றை உருவாக்குங்கள். இயல்புத் தொகுப்பில் கைவைக்க இன்டிசைன் விடாது. அதில் தேர்வுக் கருவி, எழுத்துக் கருவி, அச்சுத் தோற்றம் ஆகிய மூன்றுக்கும் சும்மா கிடக்கும் எஃப் விசைகளைக் கூடுதலாகக் கொடுங்கள். கொடுக்க நினைக்கும் விசை ஏற்கெனவே எதற்குப் போயிருக்கிறது என்று பெட்டியே காட்டும். எஃப்5 நிறங்கள், எஃப்7 அடுக்குகள், எஃப்11 பத்தி ஸ்டைல், எஃப்12 பக்கங்கள். இவற்றைத் தொட வேண்டாம். இப்போது தமிழ் ஓடினாலும் மலையாளம் ஓடினாலும் கருவி மாறும், கார்டில் ஈ விழாது.

தொகுப்பு ஐஎன்டிகே என்ற நீட்டிப்போடு தனிக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அதைப் பென் டிரைவில் எடுத்து மற்றக் கணினிகளின் ஷார்ட்கட் தொகுப்புக் கோப்புறையில் போட்டால் எல்லா மேசையும் ஒன்றுபோல் ஆகிவிடும். அதே பெட்டியில் உள்ள ஷோ செட் பொத்தான் முழுப் பட்டியலையும் எழுத்துக் கோப்பாகத் தரும். முழுதையும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். உங்கள் கடை தினம் தொடும் பதினைந்தை மட்டும் வெட்டி ஒட்டுங்கள்.

இன்டிசைன் சந்தா கட்டாதவர்கள் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸைப் பார்க்கலாம். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் இந்திய எழுத்துகள் சரியாகக் கோத்து வருகின்றன. அதிலும் விருப்பத்தேர்வுகளில் விசைகளை மாற்றிக்கொள்ளலாம். எஃப் விசை யோசனை அங்கேயும் செல்லும்.

பிளேட்டுக்குப் போகுமுன்

கன்ட்ரோல்+இ தட்டுவதற்கு முன் இரண்டு தேடல். கன்ட்ரோல்+எஃப் திறந்து எழுத்தின் வகையைச் சொல்லித் தேடும் கிரெப் பகுதியில் ஆங்கில எழுத்துகளை மட்டும் தேடச் சொன்னால், ஆங்கிலம் ஓடிக்கொண்டிருந்தபோது தவறி விழுந்த வி, டபிள்யூ எல்லாம் வரிசையாக அகப்படும். தமிழ் எழுத்தாக விழுந்தவை இதில் சிக்கா. அதற்குச் சாதாரணத் தேடலில் ஈ, வ, ஏ ஆகியவற்றுக்கு முன் ஓர் இடைவெளியும் பின் ஓர் இடைவெளியும் சேர்த்துத் தேடுங்கள். சொல்லோடு ஒட்டியவை கன்ட்ரோல்+ஒய்-யில் திறக்கும் ஸ்டோரி எடிட்டரில், அலங்காரம் இல்லாத ஒரே எழுத்தளவில், கண்ணுக்குப் படும். மலையாளப் பக்கத்தை மலையாளம் வாசிப்பவர்தான் பார்க்க வேண்டும். பாறசாலையிலிருந்து கார்டு கொடுக்க வந்தவர் இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், புரூஃபை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.